அட்டை

டெல்லியிலிருந்து பதினேழு அட்டைப்பெட்டிகள்
லாரியில் வந்து பந்தலூரில் இறங்கின.
ஆனி மழை. நாடுகாணி தாண்டுமுன்பே நனைந்துவிட்டன.
சன்னாசி எம்.பி., இனிமேல் முன்னாள் எம்.பி.,
பெட்டிகளை எண்ணவில்லை.
வேட்டியை ஒதுக்கிக் கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒன்று ஏறியிருந்தது.

"ஊருக்கு நான் சலிச்சுப்போச்சு.
இதுக்கு இன்னும் ருசி போகலை" என்றார்.
சட்டைப்பையில் உப்புப் பொட்டலத்தைத் தேடினார்.

அந்தப் பொட்டலத்தை எனக்குத் தெரியும்.
நாடாளுமன்ற வாசலில் முதல் நாள்
காவலர் அதைப் பிரித்து முகர்ந்தார்,
மேலதிகாரியைக் கூப்பிட்டார்.
அவர் விரல் நுனியால் நாக்கில் வைத்து
'நமக்' என்றார்.
இருவரும் எங்களைப் பார்த்தார்கள்.
எதற்கு உப்பு என்று சொல்ல
எங்கள் இருவரிடமும் இந்தி இல்லை.
ஆறு மக்களவை, இருபத்தாறு வருஷம்.
புதுக் காவலர் வரும்போதெல்லாம் ஒரு நாக்கு.

பெயர் சன்னாசி; மூன்று பெண்பிள்ளைகள்.
தலைமன்னாரில் கப்பலேறும்போது கையில் ஒரு அட்டை,
மண்டபம் முகாமில் இன்னொன்று,
சேரம்பாடி லயத்தில் ரேஷனுக்கு ஒன்று,
காலில் கணக்கில்லை.

பேச்சு வராது அவருக்கு. கேள்விதான்.
நான் டைப் அடிப்பேன்:
பச்சைத்தேயிலை கிலோ என்ன விலை,
பட்டா எப்போது,
யானை மிதித்தவர் வீட்டுக்கு எத்தனை ரூபாய்.
பதில்களுக்கெல்லாம் அண்ணன் தம்பி ஜாடை.
அமைச்சர்கள் மாறினார்கள்.
'பரிசீலனையில் உள்ளது' மட்டும்
எந்தத் தேர்தலிலும் தோற்கவில்லை.

நாலாம் முறை ஜெயித்துப் போயிருந்தபோது
ஒரு மத்தியானம், தாளில்லாமல் எழுந்து நின்றார்.
விலை நிர்ணயக் குழுவைப் பற்றித் தமிழில்:
"நோகாம ஏறும். ஏறினது தெரியாது.
குடிச்சு முடிச்சு உருண்டு விழுந்த பிறகுதான்
ரத்தம் நிக்காம வரும்.
அட்டைங்க ஐயா, அட்டைங்க."

மொழிபெயர்ப்பாளர், மழைக்காடு பாராத
ஊர்க்காரராய் இருக்க வேண்டும்,
சற்றுத் தயங்கிக் காதுக்கருவிகளில் சொன்னார்:
ரத்தம் குடிக்கும் காகித அட்டைகள்.
அவை விழித்தது.
அமைச்சர் நிதானமாக எழுந்து
அட்டைகள் வழங்கும் விஷயம்
பரிசீலனையில் உள்ளதாகச் சொன்னார்.

எதிர்வரிசையில் தமிழ் தெரிந்த ஒருவர்
உதவி செய்வதாக நினைத்து அர்த்தத்தை விளக்கினார்.
அப்புறம்தான் கூச்சல்.
அவைக்குறிப்பில் அந்த இடத்தில் இப்போது மூன்று நட்சத்திரம்.
குலுக்கலில் அவருக்கு விழுந்த நட்சத்திரக் கேள்விகள்
மொத்தமே எட்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்.
தோட்டங்களைத் துண்டு போட்டு விற்க
வழிவிட்ட மசோதா வந்த அன்று
கொறடா சொன்ன பொத்தானை அழுத்தினார்.
பச்சை விளக்கு எரிந்தது.
அன்று ராத்திரி சாப்பிடவில்லை.
மறுநாள் சாப்பிட்டார்.

ஏழாவது தேர்தலில் எருமாட்டுச் சுவரொன்றில்
அவர் முகம் வைத்து ஒரு அட்டையை வரைந்திருந்தார்கள்.
ஜீப்பை நிறுத்தி இறங்கிப் பார்த்தார்.
"ரெண்டு முனையிலும் கவ்வும்.
ஒண்ணைத்தான் போட்டிருக்கான்.
வெளியூர்ப் பையன் வரைஞ்சது" என்றார்.
வெளியூர்ப் பையன் இல்லை. எனக்குத் தெரியும்.
அவர் வாங்கிக்கொடுத்த உதவித்தொகையில் படித்தவன்,
அப்பன் வேலை பார்த்த தோட்டம் விற்றுப்போயிருந்தது.
நான் சொல்லவில்லை.

மூன்றாவது பெட்டியைத் தூக்கினேன்.
அடிப்பக்கம் கையோடு வந்தது.
அவைக்குறிப்புகள் சேற்றில் விழுந்தன,
தாளோடு தாள் ஒட்டிக்கொண்டு.
நட்சத்திரம் இருந்த பக்கம் அதில்தானா என்று
அவர் கேட்கவில்லை.
பொட்டலம் கையிலேயே இருந்தது, பிரிக்காமல்.
அது குடித்து முடித்து உருண்டு விழும் வரைக்கும் பார்த்தார்.

"மழை விட்டா தாலுகா ஆபீஸ் போகணும்.
என் அட்டையில இன்னும் டெல்லி விலாசம்."

கணுக்காலிலிருந்து செருப்பு வரைக்கும்
மெல்லிய கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.